அம்மா சொன்னது அதுவல்ல

மகனே,

உன் சட்டை அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைக்கு அடியில் நீ ஒளித்துவைத்த ஆஸ்பத்திரி ஃபைலைத் திறந்தால் இந்தக் கடிதம்தான் இருக்கும். வேறெங்கும் தேடாதே. உள்ளே இருந்த காகிதங்கள் அத்தனையும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. ஃபைல் இளைத்துப்போனது தெரியக்கூடாது என்பதற்காக என் பிசிக்ஸ் ரெக்கார்டின் பழைய தாள்களையும் அடியில் சொருகியிருக்கிறேன். நேரமிருந்தால் ஊசல் சோதனையைப் படித்துப் பார், கையெழுத்து நன்றாகவே இருக்கும். திறந்த மடல் என்பார்களே, அதைத்தான் மூடிய ஃபைலுக்குள் வைத்திருக்கிறேன். ஒளித்துவைப்பது நம் குடும்பத்தில் உனக்கு மட்டும் வந்த வித்தை இல்லை.

பெற்ற அப்பனை மகனே என்கிறாளே, கொழுப்பு என்று நினைப்பாய். நான் பிறந்ததிலிருந்து நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏம்மா", "சொல்லும்மா", செல்லம் கூடிப்போனால் "தாயி". பதினேழு வருஷம் தாயாக வைத்திருந்துவிட்டு, ஒருநாள் தாய் வாயைத் திறந்தால் கோபித்துக்கொள்ள முடியாது. தவிரவும், இந்த ஒரு மாதத்தில் நம் வீட்டில் பெரியவர்கள் செய்யவேண்டிய வேலையை யார் செய்தது என்று நினைத்துப் பார்த்தேன். பதவி எனக்குத்தான் வருகிறது. ஆகவே உட்கார். இது நீளமான கடிதம். பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற உன் பழக்கத்தை இன்றைக்கு மட்டும் விட்டுவிடு.

நேற்று மொட்டைமாடியில் நீ போனில் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, துணி எடுக்கத்தான் வந்தேன், கேட்கும்படி பேசினாய். நாளை காலை அம்மாவை, அவள் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில், அதே டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். நீ அங்கே போகப்போவதில்லை. அடுத்த வாரம் சால்ட் லேக்கில், உன் ஆபீஸ் நண்பருக்குத் தெரிந்த வேறொரு டாக்டர். அவரிடம் பழைய காகிதம் எதையும் காட்ட வேண்டாம், கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, எடுத்தாயிற்று என்று சொன்னால் போதும். இதைச் சொல்லும்போது உன் குரல் எத்தனை இலகுவாக இருந்தது தெரியுமா? கட்டி. ஒரு மாதத்துக்கு முன்னால் அம்மா கிட்டத்தட்டச் செத்துப்போனாள், நீ அதை ஒரு சொல்லில் கட்டி மூலையில் வைத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த துணியெல்லாம் மறுபடி அழுக்காகிவிட்டது. கீழே போட்டு மிதித்தேன். உன் சட்டைகள்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தவன். எனக்கு எட்டு வயது. துர்கா பூஜை முடிந்த பிஜயாவுக்கு, நான் சித்தி முறையில் காக்கிமா என்று கூப்பிடும் பக்கத்து ஃபிளாட்காரம்மா தேங்காய் உருண்டை செய்து எடுத்துவந்தாள். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது, பாகு எப்படி வைத்தீர்கள் என்று கேள் என்றாள். நான் காக்கிமாவிடம் வங்காளத்தில், "இது காக்கா விரட்டவா, தின்னவான்னு அம்மா கேக்குறாங்க" என்றேன். காக்கிமா ஒரு நிமிஷம் திகைத்து, என் மூஞ்சியைப் பார்த்துப் புரிந்துகொண்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். நீ சோபாவில் புரண்டு சிரித்தாய். எதற்கென்று தெரியாமலே அம்மாவும் சிரித்தாள். அன்றிலிருந்து அது என் நிரந்தர நாடகம். மீன்காரர், எலக்ட்ரீசியன், பள்ளிக்கூடத்து மிஸ், யார் வந்தாலும் அம்மா ஒன்று சொல்வாள், நான் வேறொன்று சொல்வேன், நீ கைதட்டுவாய்.

இதில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றவர்கள் எழுதும் கடிதத்தில் அதற்கு ஓர் இடம் உண்டாமே. அம்மா தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். உன்னைப் போல சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வங்காளப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவள் இல்லை. ஜாதவ்பூரில் இந்த மூன்றாம் மாடிக்கு வந்து பத்தொன்பது வருஷமாகியும் அவளுக்குக் காய் வாங்குகிற அளவுக்குத்தான் வங்காளம் வரும். அவள் அடுப்புக்கு முன்னால் என்னை உட்காரவைத்து, வாரப் பத்திரிகையைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். இந்தக் கடிதத்தை நான் எழுத முடிவதே அதனால்தான். பதிலுக்கு நான் அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேனா? அவள் வாய் திறந்தால் உச்சரிப்பைக் கேலி செய்தேன். நீயும் செய்தாய். அவள் பேசுவதை விட்டாள். அவளுக்கு வேண்டியதையெல்லாம் நம் இருவரின் வாய் வழியாகவே கேட்கும்படி ஆக்கிவைத்தோம். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒத்திகை என்று, காய்ச்சலோடு அம்மாவை நீ கூட்டிப்போன கிளினிக்கில்தான் தெரிந்தது.

இனி உன் தப்பு. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்.

அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. தேதி தள்ளிப்போனதை, நிற்கப்போகிற வயசு என்று அவள் நினைத்திருந்தாள். தெரிந்தபோது மூன்றாவது மாதம். இதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளே எனக்குச் சொன்னது. அந்தக் குழந்தை வேண்டாம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உடம்பு தாங்காது, மனசும் தாங்காது என்றிருக்கிறாள். அவள் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுச் செய்வோம் என்று. நீ வேண்டாம் என்றாய். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு இந்த வயதில் இப்படி என்று தெரிந்தால் ஆபீஸில் சிரிப்பார்கள், தமிழ்க்காரர்கள் கூடுகிற பொங்கல் விழாவில் தலைகாட்ட முடியாது, நம் பக்கத்து நர்சிங் ஹோம் ரிசப்ஷனில் இருப்பதே நம் ஊர்க்காரம்மாள். இதெல்லாம் உன் வாதங்கள். கரு அவளுடையது, கருத்து மட்டும் உன்னுடையதா? மானம் மானம் என்று நீ சொன்னதெல்லாம் அவளுடைய மௌனம்தான். அதைத்தான் செலவழித்தாய்.

கலைக்கிற மாத்திரையை நம் தெருமுனைக் கடையில்கூட நீ வாங்கவில்லை. அங்கே உன்னைத் தெரியும், தாதா, அண்ணா என்று கூப்பிடுவார்கள். பஸ் ஏறி, ஆற்றைத் தாண்டி, நீ வளர்ந்த சாந்த்ராகாச்சியிலேயே, ஸ்டேஷன் பக்கம், இப்போது உன் முகம் தெரியாத ஒரு கடைக்குப் போனாய். சீட்டு எங்கே என்று அவன் கேட்கவில்லை, எத்தனை மாதம் என்றும் கேட்கவில்லை. கேட்காதவனாகத் தேடித்தானே அத்தனை தூரம் போனாய். மாத்திரையின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்த பெண் டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார்: ஆரம்ப வாரங்களில், டாக்டர் பார்த்து, சொன்னபடி சாப்பிட்டால் அது பாதுகாப்பானதுதான். மூன்றாம் மாதம் என்றால் முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரியில் வைத்து வேறு விதமாகச் செய்வார்கள். இதற்கு உன் கையெழுத்தே தேவையில்லையாம், தெரியுமா? அம்மாவின் சம்மதம் போதும். அவள் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்றும் சட்டம் இருக்கிறதாம். நீ பயந்தாயே, அந்த ரகசியத்தை அவர்களே காத்திருப்பார்கள். நீ காத்த ரகசியம் அவளைக் கொல்லப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டாள். அடுத்த நாளிலிருந்து ரத்தம். எனக்குச் சொன்னது உடம்புச் சூடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மா படுத்திருந்த கதவில், "உரிமையாளர் விடுமுறையில், சமையல் சேவை இல்லை" என்று எழுதி ஒட்டினேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பால் என்று நினைத்தேன். அந்தக் காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை. என் மேசைக்குள் வைத்திருக்கிறேன். எனக்கு உறைக்கவேண்டும் என்று.

புதன்கிழமை குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அப்போதும் நம் பக்கம் வேண்டாம் என்று நாலு ஸ்டாப் தள்ளி ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாய். வயதானவர், நல்லவர் மாதிரிதான் இருந்தார். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் அம்மாவைப் பார்த்து, "ஓஷுத் கிச்சு கேயேச்சேன்?" என்றார். ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று. அந்தக் கேள்வி அம்மாவுக்கே புரிந்துவிட்டது. உன்னைப் பார்த்து, தமிழில், "மாத்திரை தின்னதுல இருந்துதான் இப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். நீ டாக்டர் பக்கம் திரும்பி, "நா, கிச்சு நா" என்றாய். இல்லை, ஒன்றுமில்லை. மாதவிலக்கு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று சேர்த்துக்கொண்டாய். மொழிபெயர்ப்பு என்பது மொழியைப் பெயர்ப்பது. நீ ஆளையே பெயர்த்துப் போட்டாய்.

அவர் காய்ச்சலுக்கும் சத்துக்கும் மாத்திரை எழுதினார். அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். தான் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகக் கைகூப்பினாள். இது மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் பொய் சொன்னான். இன்னொருத்தி, வாய்க்கு வாய் பேசுகிறவள், இந்த வித்தையைக் கண்டுபிடித்தவளே அவள்தான், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியாது. பெரியவர்கள் விஷயம், கூச்சம். காரணம் எதுவானால் என்ன, நானும் சொல்லவில்லை.

மறுநாள், உன் ஆபீஸ் பைக்குள் கரியாஹாட் நடைபாதையில் வாங்கிய ரப்பர் பல்லியை வைக்கப் போனேன். வீட்டில் எல்லோரும் உம்மென்று இருக்கிறீர்களே, ஒரு அலறலாவது கேட்கட்டும் என்று. பையின் உள்ஜிப்பில் காலி அட்டையும் மடித்த துண்டுத்தாளும் இருந்தன. தாளைப் படித்தேன், புரியாததைப் போனில் தேடினேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, இரண்டு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று இருந்தது. காய்ச்சல் விடாமல் அடித்தால் ஓடு. துர்நாற்றம் என்றால் ஓடு. இந்தத் தாள் உன் பையில்தான் இருந்தது, மகனே. நீ படித்தாயா, இல்லை மடித்ததோடு சரியா? இதை இதுவரை உன்னிடம் கேட்கவில்லை. படித்தேன் என்றாலும் பொறுக்க முடியாது, படிக்கவில்லை என்றாலும் பொறுக்க முடியாது. நான் படித்துவிட்டும் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்தேன். அந்த ஒரு நாள் என் பேரில்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா குளியலறைத் தரையில் கிடந்தாள். நீ லீவு போட்டு வீட்டிலேயே இருந்தாய், அதனால் உனக்குள்ளும் பயம் இருந்தது என்று தெரியும். இருவரும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். டாக்ஸியில் அம்மாவின் தலை என் மடியில். போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டேன், மூணு மாசம் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முனகினாள். நீ முன்சீட்டிலிருந்து திரும்பி, ரொம்ப மெல்ல, "யாரு கேட்டாலும் பீரியட்ஸ் பிரச்சினைன்னு சொல்லும்மா" என்றாய். மா என்றாய். அந்த நேரத்திலும் தாயாகத்தான் கூப்பிட்டாய், பொய்யில் கூட்டுச்சேர.

எமர்ஜென்சியில் அந்த இளம் பெண் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நீ "நா" என்று ஆரம்பித்தாய். நான் உன்னை முழங்கையால் தள்ளிவிட்டேன். அந்த இடத்தில் இன்னும் வலிக்கிறது என்றால் நல்லது. "அக்கா, அவர் சொல்றது பொய். அம்மா ஏழு நாள் முன்னாடி கருவைக் கலைக்க மாத்திரை சாப்பிட்டாங்க. மூணு மாசம். புதன்கிழமை டாக்டர்கிட்டயும் மறைச்சிட்டார்" என்று வங்காளத்தில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. அவர் உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வெளியே இருங்கள் என்றார். அப்புறம் எல்லாம் ஓட்டம். கரு முழுதாக வெளியேறாமல் உள்ளேயே தங்கி அழுகி, சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சுத்தம் செய்து பார்த்தார்கள், போதவில்லை, அன்றைக்கே கர்ப்பப்பையை எடுத்தார்கள். புதன்கிழமையே தெரிந்திருந்தால் அது மிஞ்சியிருக்கக்கூடும் என்று அவர் சொன்னபோது நீ சுவரைப் பார்த்தபடி நின்றாய். சுவருக்கு வங்காளமும் தெரியாது, தமிழும் தெரியாது, உனக்கு வசதி.

இரண்டு வாரம் அந்த வார்டில் இருந்தேனே, என்ன பார்த்தேன் என்று நீ கேட்டதே இல்லை. அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் ஒரு பெண், தெற்கேயிருந்து தினமும் லோக்கல் ரயிலில் வந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். ஊரில் யாரோ ஒருத்தி எதையோ உள்ளே வைத்துக் கலைத்துவிட்டிருக்கிறாள். அவள் புருஷன் டாக்டரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது, வயிறு சரியில்லை, வேறொன்றுமில்லை. நீங்களெல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்ப்பு படித்தவர்களா? அவளுக்கு மொழிபெயர்க்க யாரும் தேவையே இல்லை, அவள் மொழியும் டாக்டரின் மொழியும் ஒன்றுதான். இருந்தும் அவள் சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை. நாலாம் நாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மொழி தெரியாததால் நேர்ந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தச் சமாதானமும் போயிற்று.

நீ கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று சூடாகக் கச்சூரி வாங்கி வருகிறவன், யூனிவர்சிட்டி சுவரோரம் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடினவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு அழுதவன். கெட்டவனாக இருந்திருந்தால் அம்மா உஷாராக இருந்திருப்பாள். நல்லவன் என்றுதான் தன் வாயை உன்னிடம் கொடுத்துவைத்தாள். பொய் சொன்னபோதுகூட உன் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. தாயாக நான் சொல்வது இதுதான், ஒரு தடவைதான் சொல்வேன்: உன் கூச்சம் உன் உடம்பில் இருக்கட்டும். அதை இன்னொருத்தியின் உடம்பில் கொண்டுபோய் வைக்காதே.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, எனக்கு ஒரு பத்து வரி சொல்லிக்குடு" என்றாள். காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் வங்காளம் எழுதிக்கொடுத்தேன். நீ ஆபீஸ் போனதும் பாடம் நடக்கும். நான் டாக்டர், தலையணை மேசை. எத்தனை மாதம், என்றைக்குச் சாப்பிட்டீர்கள், யார் வாங்கித் தந்தது, எல்லாம் கேட்பேன். யார் வாங்கித் தந்தது என்ற இடத்தில் மட்டும் அவள் கொஞ்சம் நிற்பாள். பிறகு சொல்லிவிடுவாள். உச்சரிப்பு இன்னும் தென்காசிதான், நான் சிரிக்கவில்லை. முதல் வரியை அவளே கேட்டு எழுதவைத்தாள்: "ஆமார் கொத்தா ஆமி போல்போ." என் பேச்சை நானே பேசுவேன்.

நேற்று நீ போனில் பேசியதை அவளிடம் சொன்னேன். அழவில்லை. ஃபைல் எங்கே இருக்கிறது என்றாள். எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் மாத்திரை பற்றி எழுதியிருக்கிற வரியைக் காட்டச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்து, இதை ஒருத்தரும் மறைக்கக்கூடாது, நாளைக்கு உடம்புக்கு வேறெது வந்தாலும் டாக்டருக்கு இது தெரியவேண்டும் என்றாள். காகிதங்கள் இப்போது அவள் பையில் இருக்கின்றன.

நாளை பத்து மணிக்கு ஆட்டோ வரும், அதே ஆஸ்பத்திரிக்கு. சால்ட் லேக் டாக்டரிடம் என் ஊசல் சோதனையைக் காட்டிக்கொள். நீயும் எங்களோடு வரலாம், அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் நானும் நீயும் உட்காருவோம். நானும் உள்ளே போகப்போவதில்லை. அவளுக்கு ஒரு சொல் கிடைக்காமல் போனால் அவளே கூப்பிடுவாள், அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடவேண்டும், நீயானாலும் நானானாலும்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சமையல் சேவை இல்லை என்ற இடத்தில் மறுபடியும் சிரித்தாள். ஆள் பேர் இல்லாமல்தானே எழுதியிருக்கிறாய், வேறு யாரும் படித்தாலும் படிக்கட்டும் என்றாள். பிறகு, அப்பாகிட்ட ஒன்று சொல்லணும், சேர்த்துக்கோ என்றாள். நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை, திருத்தவில்லை. அவள் சொன்னது இது:

"நான் சொன்னத அந்த டாக்டருகிட்ட அப்படியே சொல்லியிருந்தாப் போதும்லா. நான் வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட?"